ஆட்சிக் குழுவில் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

அரசு நிதியுதவி பெறாத தனியார் பள்ளிகளின் ஆட்சிக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தனியார் பள்ளியொன்றில் 9 ஆண்டுகள் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு ஆட்சிக் குழுக் கூட்டத்திலும் பள்ளியின் அறிக்கையைப் படித்தேன். அத்தனை ஆண்டுகளில் உறுப்பினர் ஒருவர் என்னை இடைமறித்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்டது இரண்டே முறைதான். அன்று அதை என் மீதுள்ள நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். அது பள்ளிக்கு நேர்ந்த குறை என்பது இப்போது தெளிவாகத் தெரிவதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கூட்டம் இன்றும் கண்முன் நிற்கிறது. நிகழ்ச்சி நிரலில் 12 பொருள்கள் இருந்தன. முகப்புக் கட்டடத்துக்கு எந்த வண்ணம் பூசுவது என்பதில் முக்கால் மணி நேரம் கழிந்தது. 11ஆம் பொருள் என் அறிக்கை. தொடக்கப் பிரிவில் ஒரே பருவத்தில் 5 ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போயிருந்ததை அதில் ஒரு வரியில் எழுதியிருந்தேன். அவர்கள் ஏன் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்காததால் சொல்லவில்லை. "அறிக்கை ஏற்கப்பட்டது" என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று. அந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் மூன்று வகுப்பாசிரியர்களைப் பார்த்தார்கள்.

அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் தீயவர்கள் அல்லர். ஆனால் 9 உறுப்பினர்களில் ஐவர் நிறுவனரின் உறவினர், ஒருவர் பள்ளிக்குக் கட்டடம் கட்டித் தந்த ஒப்பந்ததாரர், இருவர் தாளாளரின் நெடுநாள் நண்பர்கள், மீதமிருந்த ஒருவர் தாளாளரே என்னும்போது, எழுந்து கேள்வி கேட்கும் சுதந்திரம் அவர்களில் யாருக்கு இருந்திருக்கும்? ஆட்சிக் குழுவின் பணி என்ன, அதில் யார் இருக்க வேண்டும் என்பவற்றை நாம் இரண்டு தனித்தனிக் கேள்விகளாகப் பேசி வருகிறோம். என் அனுபவத்தில் அவை ஒரே கேள்விதான்.

பணியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பள்ளி எதற்காக இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது, தலைமையாசிரியரை நியமித்து அவரிடம் கணக்குக் கேட்பது, பணமும் குழந்தைகளின் பாதுகாப்பும் ஒழுங்காக இருப்பதை உறுதி செய்வது ஆகியவை குழுவுக்கு உரியவை. கால அட்டவணை போடுவதும், எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு என்று முடிவு செய்வதும் அதற்கு உரியவை அல்ல. தெரிந்தவர் பிள்ளையின் மதிப்பெண்ணுக்காக வகுப்பாசிரியரைத் தொலைபேசியில் அழைக்கும் உறுப்பினர், தாம் பள்ளிக்கு உழைப்பதாகவே நம்புகிறார். உண்மையில் அவர் அந்த ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் ஒருசேரப் பலவீனப்படுத்துகிறார். இப்படி அன்றாட நிர்வாகத்தில் தலையிடும் குழுக்களே பெரிய கேள்விகளில் வாய் திறவாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அமைப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தனது 21ஆம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அரசு நிதியுதவி பெறாத பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. இங்கிலாந்தில் தனியார் பள்ளிகளுக்கான 2014ஆம் ஆண்டு விதிகள், பெற்றோரின் புகார் விசாரணைக் குழுவரை செல்லுமானால், அக்குழுவில் பள்ளி நிர்வாகத்தோடு தொடர்பில்லாத ஒருவராவது இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. சட்டம் வற்புறுத்தும் இடத்தில் மட்டும் வெளியாள் ஒருவருக்கு இடம் கொடுப்பது போதாது என்பதே என் கருத்து.

பெற்றோர் பிரதிநிதிகள் அவசியம் வேண்டும். எனினும், தம் பிள்ளை படிக்கும் வகுப்பின் குறைகளை மட்டும் கொண்டுவருபவராக அல்லாமல், இனி சேரப்போகும் குழந்தைகளுக்கும் சேர்த்து முடிவெடுப்பவராக அவர் இருக்க வேண்டும். இதைத் தேர்வுக்கு முன்பே அவரிடம் எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. கணக்கு அறிந்தவர் ஒருவரும் குழந்தைப் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவர் ஒருவரும் தேவை. எல்லாரையும்விட முக்கியமாக நான் கருதுவது, வேறொரு பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்த ஒருவரை. ஒரே பருவத்தில் 5 ஆசிரியர்கள் விலகுவது இயல்பானதன்று என்று அன்று அந்த அறையில் உடனே சொல்லியிருக்கக்கூடியவர் அப்படிப்பட்ட ஒருவர்தான்.

நிறுவனர் குடும்பத்தாருக்கு ஒரு சொல். நிலமும் பணமும் வாழ்நாளும் கொடுத்துப் பள்ளியை எழுப்பியவர்களை வெளியேற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அங்கே இடம் உண்டு; பெரும்பான்மை மட்டும் வேண்டாம் என்கிறேன். பதவிக்காலத்துக்கும் வரம்பு தேவை. இங்கிலாந்தின் அறக்கட்டளைகளுக்காக 2017இல் வெளியான ஆளுகை நெறிமுறை, 9 ஆண்டுகளுக்கு மேல் தொடரும் அறங்காவலரின் மறுநியமனத்தைக் கடுமையாகப் பரிசீலிக்கச் சொன்னது. 25 ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களை அறிந்த எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பள்ளியோடு வணிகத் தொடர்புள்ள உறுப்பினர், அந்தப் பொருள் விவாதிக்கப்படும்போது அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும். அவர் வெளியேறியது குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். கூட்டத்தின் ஒரு பகுதியையாவது தலைமையாசிரியர் இல்லாமல் நடத்துங்கள். பதவியில் இருந்தபோது இதை நான் விரும்பியிருக்க மாட்டேன், ஆனாலும் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு காரியங்களை உங்களிடம் வேண்டுகிறேன். ஒவ்வோர் உறுப்பினரும் எந்த ஆண்டு சேர்ந்தார், யார் முன்மொழிந்தார், பள்ளியோடு அவருக்கு என்ன கொடுக்கல் வாங்கல் என்பவற்றை ஒரே தாளில் எழுதிப் பெற்றோர் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஆசிரியர்கள், மாணவர்கள் பற்றிய அறிக்கையை நிகழ்ச்சி நிரலின் முதல் பொருளாக வையுங்கள். கட்டடத்தின் வண்ணம் 11ஆம் பொருளாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர்