மாற்றல் உத்தரவில் காரணம் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெருக்கடி நிலை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைதான தலைவர்கள், தணிக்கைக்கு ஆளான பத்திரிகைகள் எல்லாம் வந்திருந்தன. நீதிபதிகளுக்கு மட்டும் இரண்டே வரி. என் பெரியப்பா, விசாரணையே இல்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் உள்ளே இருந்தவர் என்பதால் அது மனதை உறுத்தியது.

1976 ஏப்ரல் 28 தீர்ப்பைப் பற்றி எங்கள் வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். பிடித்து உள்ளே வைத்தவர்களுக்காக, காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் அது. போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அதற்கு முன்பே சொல்லியிருந்தன. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடம் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. அதைக் காதால் கேட்ட பிறகும் ஐவரில் நால்வர் அரசு பக்கம்தான் எழுதினார்கள். கன்னா ஒருவர் மறுத்தார். அடுத்த தலைமை நீதிபதியாக வர வேண்டியவர் அவர். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான எம்.எச். பெக்குக்குப் பதவி போனது. கன்னா ராஜினாமா செய்தார்.

கன்னாவுக்கு நடந்தது ஊரறிய நடந்தது. அதே 1976இல் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் சம்மதம் கேட்கப்படாமலே வெளி மாநிலங்களுக்கு மாற்றப்பட்டதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? நீதிபதியைப் பதவி நீக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் சேர வேண்டும். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்ற ஒரு காகிதம் போதும்.

நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். மிசா கைதிகள் சென்னை மத்திய சிறையில் பட்ட அடியை விசாரித்துப் பதிவு செய்தவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில், கம்பனில் தோய்ந்த மனிதர். சென்னைத் தலைமை நீதிபதியாக இருந்த அவரை 1981இல் கேரளத்துக்கு மாற்றினார்கள். போக மறுத்துப் பதவியை விட்டார். அப்புறம் 2019இல் தலைமை நீதிபதி தஹில்ரமாணி, 2021இல் சஞ்ஜிப் பானர்ஜி. இருவருக்கும் மேகாலயா, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நீதிபதிகள் உள்ள உயர் நீதிமன்றம். தஹில்ரமாணி ராஜினாமா செய்தார். பானர்ஜி சென்னைக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. வழக்கறிஞர்கள் எதிர்த்தும் பயனில்லை. இந்த இரண்டு மாற்றல்களையும் பரிந்துரைத்தது உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளே அமர்ந்திருக்கும் கொலீஜியம் என்ற குழு என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நியாயமான காரணமே இருந்திருக்கலாம். இருந்தால் எழுதட்டும். மாற்றலுக்குக் காரணமாக ‘நீதி நிர்வாகத்தின் நலன் கருதி’ என்ற ஒற்றை வரியைப் பார்த்து ஒரு மாஜிஸ்திரேட் என்ன நினைப்பார்? அரசு எதிர்க்கும் ஜாமீன் மனு நாளை அவர் மேசைக்கு வரும்போது அந்த வரி ஞாபகத்துக்கு வராதா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீதிபதிகள் மாற்றலை உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாகப் போட்டு முடிக்காதீர்கள். மாற்றப்பட்டவர் அப்போது எந்தெந்த வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்தார், அவை இனி யாரிடம் போகின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை