சாதனைச் செய்திகளில் விடுபடுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும், கூலித் தொழிலாளியின் மகள், ஆட்டோ ஓட்டுநரின் மகன் என்று சாதித்த பிள்ளைகளைப் படத்துடன் அறிமுகப்படுத்தும் செய்திகளைத் தங்கள் நாளிதழும் தவறாமல் வெளியிடுகிறது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு பாராட்டுக்குரியதே. ஆயினும், விடாமுயற்சி இருந்தால் வறுமை ஒரு தடையே அல்ல என்ற தொனியில் அச்செய்திகள் முடிந்துவிடுவது, நெடுங்காலம் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திய எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

உழைப்பை மட்டும் வைத்து 2020-ஆம் ஆண்டில் நடந்ததை விளக்க முடியாது. நீட் தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறத் தொடங்கிய 2017 முதல், அரசுப் பள்ளிகளில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைதான் இருந்தது. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே, மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலுமாக ஏறத்தாழ 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. முந்தைய ஆண்டு மாணவர்களைவிட இவர்கள் திடீரெனப் பல மடங்கு உழைத்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஆண்டிலும், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களில் சிலர் கட்டணத்துக்கு அஞ்சிப் பின்வாங்கிய பிறகே, கட்டணத்தை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது.

உழைப்பு மட்டுமே காரணமல்ல என்பது பணம் படைத்தவர்களுக்கும் பொருந்தும். மறுமுறை நீட் எழுதுவோரும் பயிற்சி மையங்களில் படித்தோருமே பெருமளவில் இடம் பெறுவதை, நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் சுட்டிக்காட்டியது. ஓராண்டு முழுவதும் சம்பாதிக்காமல் வீட்டிலிருந்து படிக்க முடிவதே ஒரு வாய்ப்புதான். அதைப் பெற்றவர்கள் அப்படிக் கருதுவதில்லை என்பது வேறு விஷயம்.

சட்டத்தாலும் உதவித்தொகையாலும் எளிதில் எட்ட முடியாத இன்னொன்று, பிள்ளை வளர்ந்த வீட்டுச் சூழல். பெரியவர்கள் முன் கைகட்டி நிற்கவும் எதிர்க்கேள்வி கேட்காதிருக்கவும் பழக்கப்பட்ட மாணவன், புரியாத பாடத்தைப் புரியவில்லை என்று சொல்லவே தயங்குகிறான். பணிவு என்று நாங்களே மெச்சிய அந்தக் குணம், செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்வி வரும்போது அவனுக்குப் பாதகமாகிவிடுகிறது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கோ ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதும், அலுவலகத்தில் விவரம் விசாரிப்பதும் சாப்பாட்டு வேளைப் பேச்சிலேயே பழகிவிடுகின்றன. பொறியியல் கலந்தாய்வில் இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். கட்-ஆஃப் மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு வீட்டில் மாமாவும் அக்காவும் கூடி உட்கார்ந்து கல்லூரிகளை வரிசைப்படுத்துவார்கள்; இன்னொரு வீட்டில் அந்த விருப்பப் பட்டியல் பிரவுசிங் சென்டர்காரரின் பொறுப்பில் விடப்படும். வரிசை மாறினால், கிடைத்திருக்கக்கூடிய நல்ல கல்லூரியும் கைநழுவிப் போகும். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்த பெண்ணை, விடுதியில் விடப் பயந்து, உள்ளூரில் கிடைத்த ஏதோ ஒரு பட்டப் படிப்பில் சேர்த்த பெற்றோர் பலரையும் நான் அறிவேன். உயர்கல்வி பயிலும் மாணவிகளுக்காக 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பெரிய உதவிதான் என்றாலும், இந்த அச்சத்தை அது முழுவதும் போக்கிவிடாது. அதே தெருவில் முன்னரே விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் இருந்தால், அவளுடைய தாய் சொல்லும் வார்த்தைக்கு அந்த வலிமை உண்டு.

இவற்றைச் சொல்வதால் சாதித்தவர்களின் பெருமை குறைந்துவிடாது. சொல்லாமல் விடுவதால் ஏற்படும் தீங்கோ பெரிது. அந்தச் செய்தியைக் காட்டி, "அவளால் முடிந்தது, உனக்கு ஏன் முடியவில்லை?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் தந்தைக்கு, அவளுக்கு மாலை வகுப்பு எடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்ததும், தன் பிள்ளையின் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பணியிடமே காலியாகக் கிடந்ததும் தெரிவதில்லை.

எனவே, அடுத்த முறை இத்தகைய செய்தியை வெளியிடும்போது, அந்த மாணவர் எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தார், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை பெற்றாரா, விண்ணப்பத்தை நிரப்ப உதவியவர் யார், வீட்டில் யார் யாரைச் சம்மதிக்கவைக்க வேண்டியிருந்தது என்பவற்றையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும் முறையையும் கலந்தாய்வுப் பதிவுக்கான கடைசித் தேதியையும் அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகத் தந்தால், படத்தைப் பார்க்கும் குடும்பங்களுக்கு அது உடனடியாகப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.