ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒரு பள்ளி: இலவசச் சேர்க்கையை நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கைரேகைக் கருவி, வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஏப்ரல் பிறந்தால் அந்த நாற்காலிகளில் மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் காத்திருப்பார்கள். கையில் ஒரு பாலித்தீன் கவர். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அதற்குள் இருக்கும். "அண்ணா, ஆர்டிஇ போடணும்" என்பார்கள். அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்னவென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தனியார் பள்ளியில் காசில்லாமல் சேர்க்க ஒரு வழி இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அந்த வழியைப் பற்றித்தான் இந்த மடல். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல் நடக்கட்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம், யாருக்கு விழுந்தது, காலியான இடம் யாருக்குப் போனது என்பதையெல்லாம் பள்ளிவாரியாக ஊரறியப் போடுங்கள். அதையும் ஒவ்வோர் ஆண்டும் சொன்ன தேதியில் செய்யுங்கள். பெயர் வேண்டாம், விண்ணப்ப எண் போதும்.

ஆர்டிஇ என்கிற இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிரிவு 12(1)(சி) சொல்வது இதுதான்: அரசு உதவி பெறாத தனியார் பள்ளி, தன் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், எட்டாம் வகுப்பு வரை இலவசமாகப் படிப்பிக்க வேண்டும், அதற்கான பணத்தை அரசு பள்ளிக்குத் தரும். நாற்பது பிள்ளை உட்காரும் எல்கேஜி என்றால் பத்து இடம். அந்தப் பத்து இடத்துக்குத்தான் என் வாசலில் கூட்டம்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு என்று மேடையில் சொல்கிறோம். என் மேசையில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வரைபடத்தில் முதலில் வீட்டைக் குறிக்க வேண்டும். நான் திரையைப் பெரிதாக்கி, "தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்பேன். அவர் திரையைப் பார்க்க மாட்டார், தெருவைப் பார்ப்பார். "தொட்டிய தாண்டி மூணாவது சந்து, ஓட்டு வீடு" என்பார். வரைபடத்தில் ஓட்டு வீடு எது, மாடி வீடு எது? எல்லாம் சாம்பல் கட்டம்தான். ஒரு புள்ளி வைப்போம். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர். அதற்குள் வரும் பள்ளிதான் அவருக்குப் பள்ளி. அவர் மனதில் வைத்து வந்த பள்ளி வட்டத்துக்கு நூறு அடி வெளியே நின்றால் கதை முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. வட்டத்துக்குள் இருக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ரயில் தண்டவாளம் ஓடலாம். சுற்றிக்கொண்டு போனால் இரண்டரை கிலோமீட்டர் நடை. வட்டத்துக்கு வெளியே இருக்கும் பள்ளியோ, தினமும் அந்த அம்மா வேலைக்குப் போகும் பஸ் நிற்கிற இடம். கால் நடக்கும் தூரத்தை வட்டம் கண்டுகொள்ளாது. ஒளிக்க விரும்பவில்லை: வீட்டு வாசலில் வைக்க வேண்டிய புள்ளியைத் தெருமுனையில் வைத்த நாளும் எனக்கு உண்டு. அப்படிச் செய்ய வேண்டிய நிலையில் எங்களை வைக்காதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலர் அளவில் தூரம் பற்றிய முறையீட்டைக் கேட்டு, இரண்டு நாளில் சரி அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்ல ஒரு வழி இருந்தால் போதும்.

வட்டத்துக்குள் பள்ளி இருந்தும் ஒதுக்கீடு இல்லாமல் போவதும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்துவிட்டது. அரசியல் சட்டம் தந்த உரிமை அது, அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பள்ளி அதுவாகவே இருந்து, பட்டியலில் அது இல்லாதபோது, "ஏன் காட்ட மாட்டேங்குது? நீங்க சரியாப் பாருங்க" என்று திட்டு வாங்குவது நான். பட்டியலில் இல்லாத பள்ளிக்கு நேரே காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டால் அந்தத் திட்டு குறையும்.

அப்புறம் சான்றிதழ். நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் 16,667 ரூபாய்க்குள். ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய் வாங்கும் கொத்தனார் மாதம் இருபத்தைந்து நாள் வேலை பார்த்தால் இருபதாயிரம், எல்லையைத் தாண்டிவிட்டார். மழை மாதத்தில் அவருக்கு வேலை இல்லை என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? இன்னொரு பக்கம், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சாதிச் சான்று போதும், வருமான வரம்பு கிடையாது. ஆகவே காரில் வந்து இறங்கியவரும் சைக்கிளில் வந்தவரும் ஒரே குலுக்கலில் நிற்கிறார்கள். சாதியால் வந்த இழப்பைப் பணம் துடைத்துவிடாது என்பது எனக்கும் புரியும். இருந்தாலும் பத்து இடத்துக்கு அறுபது பேர் நிற்கும்போது யார் முன்னால் நிற்க வேண்டும் என்று நீங்கள் ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

குலுக்கலை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியின் பிரேயர் ஹாலில் நடந்தது. துண்டுச் சீட்டுகளை நாலாக மடித்து ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டிருந்தார்கள். ஒரு சிறுமியை அழைத்து எடுக்கச் சொன்னார்கள். ஏழாவது சீட்டைப் பிரித்துப் பெயரைப் படித்ததும் இரண்டு அம்மாக்கள் எழுந்தார்கள். ஒரே பெயர், இனிஷியல் மட்டும் வேறு. படித்தவர் கண்ணாடியைத் தூக்கி மறுபடி பார்த்து இனிஷியலைச் சொன்னார். பின்வரிசையில் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யார்மேலும் தப்பில்லை. எல்லார் கண் முன்னாலும் நடந்தது, அதனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணால் பார்த்ததை மனிதர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பார்க்க முடியாததைத்தான் ஏற்க முடிவதில்லை. குலுக்கல் முடிந்ததும் காத்திருப்புப் பட்டியல் என்று ஒன்று எழுதுவார்கள். அந்த இனிஷியல் அம்மா அதில் இரண்டாவது. தேர்வான பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் வேறு பள்ளியிலும் இடம் கிடைத்துப் போய்விடுவார்கள். அந்த இடம் காலியா? யாருக்கும் தெரியாது. ஜூன் மாதம் முழுக்க அவர் வாரம் ஒருமுறை பள்ளி வாசலுக்குப் போனார். வாட்ச்மேன், "லிஸ்ட் மேலேயிருந்து வரணும்மா" என்றார். கடைசிவரை அந்த 'மேல்' எது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகு ஜூலையில் அரசுப் பள்ளி வளாகத்து அங்கன்வாடியில் விட்டார். அந்தப் பத்து இடத்தில் எத்தனை நிரம்பியது என்று இன்றுவரை நான் பார்க்கக் கூடிய இடம் எதுவும் இல்லை. ஒரு நோட்டீஸ் போர்டும் ஒரு இணையப் பக்கமும் போதும் இதற்கு. கோடிக்கணக்கில் செலவு ஆகிற காரியமில்லை.

இடம் கிடைத்தவர்கள் கதையும் முழுச் சந்தோஷம் இல்லை. சேர்ந்த வாரமே ஒரு சீட்டு வரும். புக், யூனிஃபார்ம், ஷூ, ஆக்டிவிட்டி, ஸ்மார்ட் கிளாஸ். ரசீதில் முத்திரை இருக்காது. சில சமயம் நோட்டுத் தாளில் பால்பாயிண்ட் பேனாவில் கூட்டிப் போட்ட கணக்கு. ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளையிடம் சீருடை, புத்தகத்துக்கும் காசு வாங்கக் கூடாது, அதையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு என் வாசல் நாற்காலி வரை வரவில்லை. ஒதுக்கீட்டு ஆணையின் அடியில், 'இந்த மாணவரிடம் எந்தப் பெயரிலும் கட்டணம் பெறக் கூடாது' என்று தமிழில் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, புகாருக்கு எடுக்கப்படும் ஒரு போன் நம்பரையும் போடுங்கள். எடுக்கப்படும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

பள்ளிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சிறிய நர்சரி பள்ளி நடத்துபவர்கள் பேப்பர் பதிவேற்ற என்னிடம்தான் வருகிறார்கள். கொடுத்த கணக்குக்குப் பணம் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆசிரியைக்கு மாதம் பிறந்தால் சம்பளம் தர வேண்டும், அரசுப் பணமோ ஆண்டுக் கணக்கில் தாமதமாக வருகிறது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்த நோட்டுத் தாள் கணக்கு. சரி என்று சொல்லவில்லை, எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

2025-ஐ மறக்க முடியாது. ஏப்ரலில் திறக்க வேண்டிய சேர்க்கை திறக்கவில்லை. ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்திருந்தது, மாநிலம் தர மறுக்கிறார்கள் என்றது, வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை டீக்கடையில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். என் வாசலில் நடந்தது வேறு. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும், "இன்னும் ஓப்பன் ஆகலம்மா" என்று ஒரே பதிலைச் சொன்னேன். கொஞ்சம் வசதி இருந்தவர்கள், நகையை அடகு வைக்க முடிந்தவர்கள், ஃபீஸ் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். முடியாதவர்கள் காத்திருந்தார்கள். நிதி வந்து அக்டோபரில் சேர்க்கை தொடங்கியபோது, அந்தந்தப் பள்ளியில் ஏற்கனவே சேர்ந்திருந்த பிள்ளைகளில் தகுதியானவர்களுக்கு இடம் என்றார்கள். கல்வியாண்டின் நடுவில் வேறு வழி என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள்: பணம் கட்ட முடிந்தவருக்கு இலவசம் கிடைத்தது, பணம் இல்லாமல் காத்திருந்தவருக்குக் கதவு மூடியது. இந்தத் திட்டத்தையே தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. டெல்லிக்கும் சென்னைக்கும் சண்டை வரும், போகும். சேர்க்கைத் தேதி அந்தச் சண்டையில் மாட்டாதபடி, முதல் பருவத்துக்கான பணத்தை மாநிலம் தனியாக எடுத்து வைக்கட்டும்.

"அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே?" என்று உங்களில் சிலர் மனதில் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அங்கே குலுக்கல் இல்லை, வட்டம் இல்லை, காலையில் சாப்பாடு, மதியம் சாப்பாடு, புத்தகம், சீருடை எல்லாம் உண்டு. 2025-இல் மார்ச் 1-ஆம் தேதியே சேர்க்கையைத் தொடங்கினார்கள். ஆனால் ஒரு பெரிய விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. அரசுப் பள்ளி பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில், ஐந்து வயதில் தொடங்குகிறது. தனியார் பள்ளி மூன்று வயதில் வாங்கிக்கொள்கிறது. கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகும் அம்மாவுக்கு மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டு வருஷம் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் முதலில் பலகை போட்டவர் பக்கம் பிள்ளை போய்விடுகிறது. வேனும் டையும் பழகிய பிறகு எந்தப் பிள்ளை திரும்பும்? 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினீர்கள். நல்ல காரியம். எங்கே இருக்கிறது, ஆள் இருக்கிறார்களா, இந்த ஆண்டு சேர்க்கிறார்களா என்ற பட்டியலையும் அதே இணையப் பக்கத்தில், அதே வட்டத்துக்குள் காட்டுங்கள். தனியார் பள்ளிப் பெயர்களுக்கு நடுவில் அரசு எல்கேஜியின் பெயரும் தெரிந்தால்தான் அந்த அம்மா எதையாவது தேர்ந்தெடுக்கிறார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. 2015-இல் எல்கேஜி சேர்ந்த ஒரு பையன். அப்போது பள்ளியில் தாள் வாங்கி எழுதிக் கொடுத்த விண்ணப்பம், பூர்த்தி செய்தது நான்தான். 2025-இல் எட்டாவது முடித்தான். சட்டம் அத்தோடு கையை எடுத்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம் என்று பள்ளியில் சொன்னார்கள். அவன் அப்பா டிசியோடு என்னிடம் வந்தார். அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தால் பின்னால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று நான் படித்திருந்தேன். எட்டு வரை ஒதுக்கீட்டில் தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் போதும். அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "யாரும் சொல்லலியே சார்" என்றார். டிசியிலும் மதிப்பெண் சான்றிலும் அவன் ஒதுக்கீட்டில் படித்தவன் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவது என்றார்.

பழைய விண்ணப்பத்தின் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். அந்த ஆண்டு மழையில் ஃபைல் நனைந்து எழுத்தெல்லாம் ஊறிப்போயிருந்தது. அப்படிப்பட்ட சான்றை யாரிடம் கேட்டு வாங்குவது என்று மட்டுமாவது எழுதுங்கள். அவர் சனிக்கிழமை மறுபடி வருவார்.

இப்படிக்கு,
ஓர் இ-சேவை மையக்காரர்