கேக்குக்குப் பழத்தைக் கடையில் வாங்காதே

நாகர்கோவில்

அன்புள்ள மக்களே,

இந்தக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு டூட்டி ஃப்ரூட்டியைப் பாக்கெட்டாகவே வாங்கிவிடப் போவதாக ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். இரவுப் பணி முடித்து வந்து பேசுகிறவளிடம் போனில் வாதாட மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு நேரமில்லை என்பது தெரியும். ஆனால் டூட்டி ஃப்ரூட்டி என்பது சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்த் துண்டுகள்தான், வீட்டிலேயே செய்துவிடலாம். இது அடுப்படியில் மணிக்கணக்காக நிற்கும் வேலை அல்ல. ஒரு வாரம் தினமும் கால் மணி நேரம் கொடுத்தால் போதும். மற்றதைச் சர்க்கரை பார்த்துக்கொள்ளும், நீ தூங்கப் போகலாம்.

டொரன்டோவில் சீனக் கடைகளிலும் வியட்நாம் கடைகளிலும் பச்சைப் பப்பாளிக்காய் கிடைக்கும். உள்ளே சதை வெள்ளையாக இருக்க வேண்டும். லேசாகச் செம்மை ஓடியிருந்தாலும் பாகில் குழைந்துவிடும், அதைக் குழம்பில் போட்டுவிடு. பப்பாளி அகப்படாவிட்டால் தர்பூசணித் தோலின் உட்பக்க வெள்ளைப் பகுதி போதும். தடியங்காயும், அதாவது வெண்பூசணியும், ஆகும். ஆக்ராவின் பேட்டா என்ற இனிப்பு தடியங்காயில் செய்வதுதான். சீனர்களும் புத்தாண்டுக்கு அதையே சர்க்கரையில் ஊறவைத்துத் தின்கிறார்கள். ஆகவே அந்தக் கடைக்காரருக்கு நீ கேட்பது புதிதாக இருக்காது.

அரைக் கிலோ காயைத் தோல் சீவி, பால் போகக் கழுவி, சுண்டுவிரல் நகமளவு சதுரங்களாக நறுக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரில் மட்டும் துண்டுகளை மூன்று நான்கு மணி நேரம் போட்டுவை. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைப் பிடித்துக் கெட்டியாக்கும். அதனால் துண்டு எத்தனை நாள் ஊறினாலும் முனை மழுங்காது. ஊறுகாய்க்கென்று அங்கே விற்கும் உணவுச் சுண்ணாம்பை வாங்கு. மக்காச்சோளம் வேகவைக்க மெக்சிகோக்காரர்கள் வாங்கும் சுண்ணாம்பும் அதுதான். கட்டட வேலைக்கானதைத் தொடாதே. அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். பிறகு நான்கைந்து தண்ணீரில் அலசி, துண்டுகள் கண்ணாடி போலத் தெரியும்வரை வேகவை. வேகாத காயில் செல் சவ்வு சர்க்கரையை உள்ளே விடாது. முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவளுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்.

இனிப் பாகு. எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால், சர்க்கரை உள்ளே புகுவதற்குள் துண்டிலிருக்கும் தண்ணீர் வெளியே ஓடிவிடும். துண்டு சுருங்கித் தோலாகிவிடும். பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் பழைய உருவம் திரும்பாது. ஆகவே அரை லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ சர்க்கரை என்று தண்ணியாகத் தொடங்கு. கொதித்ததும் துண்டுகளைப் போட்டு மூடிவை. மறுநாள் துண்டுகளை வடித்துவிட்டு, பாகில் மட்டும் நூறு கிராம் சர்க்கரை சேர்த்துப் பத்து நிமிடம் சுண்டக் கொதிக்கவைத்து, அவற்றின் மேல் திரும்ப ஊற்று. இப்படியே ஆறு நாள். நடுவில் ஒரு நாள் அரை எலுமிச்சைச் சாறு விடு. அது சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடும், பிறகு பாகு பூத்துப் படிகமாகாது. முடிவில் பாகு விரல்களுக்கிடையே ஒற்றைக் கம்பியாக நீள வேண்டும். வெப்பமானி வைத்திருந்தால் 106 டிகிரி செல்சியஸ் அளவில் பார். இரட்டைப் பணி வருகிற நாளில் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. வெளியே விட்டால் முதல் சில நாள் பாகு நுரைத்துப் புளித்துவிடும்.

ஆரஞ்சுத் தோலுக்கும் இதே முறைதான், சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். அங்கே பழத்தில் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவு. மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்தால் கசப்பு இறங்கும். வெள்ளைப் பகுதியை முழுக்கச் சுரண்டாதே, பாகைக் குடித்து மெத்தென்று ஆவது அதுதான். கேக்கில் உண்மையான மணம் ஆரஞ்சுத் தோலிலிருந்துதான் வருகிறது. பப்பாளி, சும்மா சொல்லக்கூடாது, கூட்டம் சேர்க்க வந்தது.

நிறம் உன் விருப்பம். எனக்கு அந்தச் சிவப்பும் பச்சையும் பிடிக்காது. கொஞ்சம் பீட்ரூட் சாறு விட்டுப் பிள்ளைகளை ஏமாற்றலாம். நம் ஊர் பேக்கரிகளில் செர்ரி என்று கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருப்பதே பல நேரம் சாயமேற்றிய களாக்காய்தானே!

வடித்த துண்டுகளை ஒட்டாமல் பரப்பிக் காயவை. இங்கே ஐப்பசி மழையில் எதுவும் காய மாட்டேன் என்கிறது, அதனால் நான் புரட்டாசியிலேயே முடித்துவிடுவேன். உன் வீட்டில் ஹீட்டர் ஓடுகிற அறையில் ஓரிரு நாளில் ஈரம் போய்விடும். கையில் ஒட்டாத பதத்தில் கண்ணாடிப் புட்டியில் அடை. மிஞ்சும் பாகைக் கொட்டிவிடாதே: ஆரஞ்சுப் பாகு ஆப்பத்துக்கு அருமை, பப்பாளிப் பாகைக் கேக்குக்குக் கருக்கி விடலாம்.

ரம்மில் ஊறப்போடுவதைப் பற்றி அப்பாவிடம் கேள், அந்தத் துறை அவருடையது. டாக்டர் சர்க்கரையைத் தொடக்கூடாது என்று சொன்ன பிறகும் காயப்போட்ட தட்டைச் சுற்றியே நடக்கிறார். எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் பாகைக் கரண்டியில் எடுத்து ஒரு படம் அனுப்பு. நிறத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் பாக்கி என்று சொல்கிறேன்.

அம்மா