டிஜேயைத் தடுக்க வேண்டாம், பேஸ் பெட்டியை இடம் மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்யாண வரவேற்புகளில் டிஜே வைப்பதையே மண்டபக் கமிட்டிகள் தடை செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நெஞ்சு அதிர்கிறது, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை, வீட்டுக்குப் போன பிறகும் காது இரைகிறது என்று அவர் சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் பழியை அவர் க்கோம் இசையின் தலையில் போடுவதை ஏற்க முடியவில்லை. அது தென்னாப்பிரிக்காவின் டர்பன் மண்ணில் பிறந்த நடன இசை. 2010-களின் தொடக்கத்தில் இந்த ஊரின் டவுன்ஷிப் எனப்படும் கறுப்பின மக்களின் புறநகர்க் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டுக் கணினியில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளை வைத்துக்கொண்டு செய்தது. வாட்ஸ்அப்பிலும் மினிபஸ் டாக்சிகளிலும் பரவி, பிறகுதான் வெளிநாட்டுக் கிளப்புகளுக்குப் போனது. இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் பிள்ளைகள் அதற்கு ஆடுவதில் என்ன தவறு?

ஹவுஸ் என்ற கிளப் நடன இசையில் அடி சீராக விழும். க்கோமில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 என்ற வேகத்திலேயே அடிகள் ஒடிந்து ஒடிந்து விழும். இரண்டு அடிக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் காலை இழுக்கிறது. சிமெண்டுச் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் ஓர் அடியின் எதிரொலி அடங்க இரண்டு விநாடி ஆனால், அதற்குள் நான்கு அடிக்கான நேரம் கடந்துவிடும். வெற்றிடம் நிரம்பி, மிஞ்சுவது உறுமல் மட்டுமே. திரைச்சீலைக்குச் செலவழிப்பதில் பெரிய பலன் இல்லை. துணி கூர்மையான ஒலியை விழுங்கும், பேஸ் என்ற தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்யாது.

பெட்டிகளை வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான கேடு தொடங்குகிறது. பேஸில் வரும் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 அதிர்வு) ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். பார்வைக்கு அழகாக மேடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பேஸ் பெட்டியை வைத்தால், ஒன்றைவிட மற்றது மூன்றரை மீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கும் இடங்களில் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கும். நடுவில் நிற்பவருக்கு நெஞ்சு இடிக்கும். பக்கத்தில் ஆடுபவருக்குப் பேஸே கேட்காது. அவர் கையைத் தூக்கிக் காட்ட, டிஜே ஏற்றுவார். இரண்டு பெட்டிகளையும் ஒட்டவைத்து, மேடைக்கு முன்னால் நடுவில், தரையில் வையுங்கள். மண்டபத்தின் பெரும்பகுதிக்கு ஒரே அளவு போகும். மூலையில் திணித்தால் சில சுரங்கள் மட்டும் ஊதிப் பெருகும். மேல் ஸ்பீக்கர்களை ஸ்டாண்டில், ஆடுபவர் தலைக்கு மேல் ஏற்றி, முகத்தைச் சற்றுக் கீழே சாய்க்க வேண்டும். மேசைமேல் வைத்தால் முன்வரிசையின் காதுதான் இலக்கு. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை அவற்றுக்கு அனுப்பக் கூடாது. பேஸ் பெட்டிக்கும் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காதுக்குச் சரியாக எட்டாத ஒலிக்காக ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அடித்துக் கிழியும்.

அடுத்தது, டிஜே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரின் சிவப்பு விளக்கு. இரவு ஏற ஏற டிஜேயின் காதே மரத்துப்போகும். முன்பு போதுமாக இருந்தது அவருக்குக் குறைவாகத் தோன்றும், மெல்ல ஏற்றிக்கொண்டே போவார். சிவப்பு எரியும்போது அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு, பாட்டில் இல்லாத கூர்மையான ஒலிகள் பிறக்கின்றன. காதைக் கிழிப்பதும் கூர்மையான ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரின் சுருளை எரிப்பதும் அவைதான். சத்தம் போதவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரும் பெட்டியும் போதவில்லை என்று அர்த்தம்; மிக்சரைத் திருகிப் பயனில்லை.

மின்சாரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் "ம்ம்" என்று இரைந்தால் சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறார்கள். உயிரைப் பறிக்கும் வேலை அது. லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் இடையில், இரண்டின் மின்தொடர்பைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியைப் போட்டால் இரைச்சல் போய்விடும்.

இனிக் காது. இந்த நாட்டில் வேலையிடத்துக்கு 85 டெசிபல் என்பது வரம்பு. எட்டு மணிநேர வேலைக்கான கணக்கு அது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 94-க்கு ஒரு மணி, 100-க்குப் பதினைந்து நிமிடம். விருந்தினர் வெளியே போய் வரலாம். தட்டு ஏந்தி ஐந்து மணிநேரம் நிற்கும் பரிமாறும் பெண்ணுக்கு யார் கணக்குப் பார்ப்பது? உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்சவரம்பு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். அதைத் தாண்ட எந்தக் கல்யாணத்துக்கும் அவசியமில்லை. ஒலிமானியால் அளக்கும்போது ஏ, சி என்ற இரண்டு அளவுமுறையிலும் பாருங்கள். ஏ அளவு பேஸைக் குறைத்தே காட்டும், சி அவ்வளவு குறைக்காது. இரண்டுக்கும் 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அண்டைவீட்டார் புகார் வரக்கூடும். நுரைக் காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, காதை மேலும் பின்னும் இழுத்து நுழைத்து, அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். சும்மா வாசலில் செருகினால் பயனே இல்லை. கைக்குழந்தைகளை ஸ்பீக்கர் முன்னால் தூக்கி ஆட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. தவில், நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

கமிட்டிகளிடம் கேட்பது இதுதான். வாடகைப் படிவத்தில் மூன்று வரி சேருங்கள்: குறித்த அளவுக்கு மேல் சத்தத்தை ஏற விடாத மண்டபத்தின் லிமிட்டர் கருவி வழியாகவே ஒலி போக வேண்டும், அதன் பூட்டுச் சாவி கமிட்டி ஆளிடம் இருக்கும், பேஸ் பெட்டிகள் நடுவில்தான். இவற்றுக்குச் சம்மதிக்காத டிஜேக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒலியமைப்பாளர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்