ரெண்டும் தங்கும்னு எழுதிக் கொடுங்க

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்தான். தொண்டிப் பக்கம் விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் போய் வருகிறார்கள். இன்று காலை நகரை மீன் நல்லதாகக் கிடைத்தது.

போன வாரம் போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "இத்தனை ஜனத்தை வச்சுக்கிட்டு எந்த அரசாங்கம் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ரெண்டுக்கு மேல பெத்தா ரேஷன் கிடையாது, அரசு வேலை கிடையாதுன்னு சைனா மாதிரி சட்டம் போடணும்" என்றாய். ரயில் நெரிசலில் நின்று வந்த அலுப்பு உன் குரலில் இருந்தது. அப்போது பதில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும், எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

உன் கவலை பொய்யில்லை தம்பி. நான் பிறந்தபோது உலகம் முழுக்க ஏறக்குறைய 300 கோடிப் பேர். 2022 நவம்பரில் 800 கோடி ஆகிவிட்டது என்று ஐ.நா. சொன்னது. அடுத்த வருஷமே சைனாவைத் தாண்டி நாம் முதலிடத்துக்கு வந்துவிட்டோம். இத்தனை பேருக்கும் தண்ணீர், சோறு, வீடு, வேலை எல்லாம் வேண்டும். அதில் நமக்குள் சண்டையே இல்லை. அதற்கு என்ன செய்வது என்பதில்தான் நான் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. குடும்பக் கட்டுப்பாடு என்பது நீ பேப்பரில் படித்த விஷயம். எனக்கு அது வேலை. அந்தச் சம்பளத்தில்தான் உன்னைப் படிக்க வைத்தேன்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்த புதிதில், என் எல்லையில் இருந்த கரை ஊர் ஒன்றில் ஒரு பெண் எங்கள் துணை சுகாதார நிலையமான சப்-சென்டருக்கு வந்தாள். கருவாடு காயப்போட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது, முந்தானை ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டைப் புரட்டினேன். அவள் பெயருக்கு நேரே பிறந்தது நான்கு, இருப்பது இரண்டு என்று எழுதியிருந்தது. ஒன்று வயிற்றுப்போக்கில் போனது, ஒன்று தட்டம்மையில். "ரெண்டு போதும்ல தாயி, ஆபரேஷன் பண்ணிக்கிறியா?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "பண்ணிக்கிறேன் நர்சம்மா. இந்த ரெண்டும் தங்கும்னு எழுதிக் கொடுங்க" என்றாள்.

என்னால் எழுதிக் கொடுக்க முடியுமா? அந்த ஊரில் அப்போது பங்குனி பிறந்தால் மணலில் ஊத்துத் தோண்டித்தான் தண்ணீர். பெண்கள் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, ஊறி வருகிறதைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய நேரமாகும். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளையும் குடிக்கும். நான் அவளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கொடுத்து, கலக்கிக் காட்டி, சின்னவனுக்குத் தடுப்பூசி போட்டு அனுப்பினேன். அதற்கு அப்புறம் அவளுக்கு இன்னும் ஒன்று பிறந்தது. வருஷங்கள் கழித்து, அன்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அந்தப் பெண், பத்தாவது வரை படித்தவள், இரண்டாவது பிரசவம் முடிந்ததும் அவளாகவே கேட்டு ஆபரேஷன் செய்துகொண்டாள். நான் கூப்பிடக்கூட இல்லை.

இந்த அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நடந்ததுதான் தமிழ்நாடு முழுக்க நடந்தது. 1971 வாக்கில் இங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் நூற்றுக்கும் மேல் ஒரு வயதுக்குள் செத்துப் போயின. 2020 கணக்கில் அது 13. ஒரு பெண் சராசரியாக நாலு பிள்ளை பெற்ற காலம் போய், 2019-21 குடும்பநல ஆய்வில் 1.8க்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டதால் பிள்ளை வந்தது, பிள்ளை வந்ததால் பெண்ணும் படித்தாள், படித்ததால் பதினாறில் நடக்கும் கல்யாணம் இருபதுக்கு மேல் தள்ளிப்போனது, பக்கத்திலேயே ஒரு நர்சும் மாத்திரையும் இருந்தன. இதில் எந்த இடத்திலும் யாருடைய ரேஷன் கார்டையும் பிடுங்கவில்லை.

நெருக்கடியே இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். இத்தனை பேரை ஆபரேஷனுக்குக் கூட்டிவர வேண்டும் என்று எங்களுக்கும் டார்கெட் இருந்தது. மார்ச் மாதம் வந்தால் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, "உன் கேஸ் எத்தனை?" என்று கேட்பார்கள். என் கூட வேலை பார்த்தவர்கள் அழுதிருக்கிறார்கள். 1996 ஏப்ரலில் மத்திய அரசு நாடு முழுக்க அந்த டார்கெட்டை எடுத்துவிட்டது. இனி பிறப்பு ஏறிவிடும் என்று பல பேர் பயந்தார்கள். ஏறவில்லை, இறங்கிக்கொண்டேதான் வந்தது. சட்டம் சட்டம் என்கிறாயே, இதை யோசித்துப் பார்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. எமர்ஜென்சியில் 1976-77 ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன். ஹரியானாவில் உத்தவார் என்று ஒரு ஊர். 1976 நவம்பரில் போலீஸ் அந்த ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்ய வைத்தது. அந்தப் பயத்தில் ஆண்கள் இந்தப் பேச்சையே விட்டு ஓடிவிட்டார்கள், பாரம் முழுக்கப் பெண் மேல் விழுந்தது. 2019-21 ஆய்விலும் நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். ஆண்களுக்கு அது பத்துப் பதினைந்து நிமிஷ வேலை தம்பி, தையல்கூடக் கிடையாது. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் ஒரு முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எல்லாம் சின்ன வயசுப் பெண்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சைனாவைச் சொன்னாய். அங்கே ஒரு குழந்தைச் சட்டம் வந்தது 1980ல். அதற்கு முன்னாலேயே, 1970க்கும் 1979க்கும் நடுவில், ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தது மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்போது அரசு நடத்திய பிரசாரத்திலும் நெருக்கடி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் கொண்டுவந்தது என்ன? பெண் குழந்தைகள் கருவிலேயே காணாமல் போனார்கள். ஒரு கட்டத்தில் 100 பெண் குழந்தைக்கு 118 ஆண் குழந்தை. 2015ல் சட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள், 2021ல் மூன்று வரை பெறலாம் என்றார்கள், 2022 முதல் அங்கே ஜனத்தொகையே குறைகிறது. ஒன்றுதான் என்று சொன்ன வாயாலேயே மூன்று பெறுங்கள் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நீ கேட்கும் சட்டம் யார் தலையில் விழும் என்றும் சொல்கிறேன். நம்மிடமே சின்ன அளவில் அது இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு நம் அரசு கொடுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது சுமக்கிறவள் யார் என்று நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள், இரண்டும் பெண்ணாகப் பிறந்ததால் மாமியார் வாயில் விழுகிறவள், புருஷனிடம் வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாதவள். சத்துணவு அதிகம் தேவைப்படுகிற வயிறும் அவளுடையதுதான். உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் நிற்கக்கூடாது என்று சில மாநிலங்கள் விதி போட்டன. ஹரியானா அதை விட்டுவிட்டது, ஆந்திராவும் 2024ல் விட்டுவிட்டது.

இன்னொன்று. எத்தனை பேர் என்று மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். நம் கடலையே எடுத்துக்கொள். உன் தாத்தா காலத்தை விட ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் குறைவு. ஆனாலும் மீன் கூடவில்லை, குறைகிறது. வலை மாறியதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம், கரையில் வயசானவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். இழுவலை அடியை வாரிக்கொண்டு வருகிறது, இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையைப் போட்டால் குஞ்சுகூட மிஞ்சாது. பத்து வள்ளம் ஒரு வாரம் பிடிப்பதை ஒரு படகு ஒரு ராத்திரியில் அள்ளினால் குற்றம் தலை எண்ணிக்கையிலா இருக்கிறது? 1968ல் ஹார்டின் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர், பொதுவில் இருக்கிற எதையும் ஜனங்கள் அழித்துவிடுவார்கள், அதனால் பிள்ளை பெறும் சுதந்திரத்தையே விட்டுவைக்கக் கூடாது என்று எழுதினார். நம் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்துக் கடலைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சண்டை வருகிறது, மீறலும் உண்டு. ஆனாலும் உட்கார்ந்து பேசி வரம்பு கட்ட மனுஷனால் முடியும் என்பதற்கு இது கண்முன் இருக்கிறது. உலகக் கணக்கும் இப்படித்தான். ஒரு அமெரிக்கர் வருஷத்துக்கு 14 டன் கரியமில வாயுவுக்குப் பொறுப்பு, இந்தியர் ஒருவர் சராசரியாக 2 டன். கரைப் பெண்ணின் மூன்றாவது பிள்ளையைப் பார்த்து, பூமி தாங்காது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது பேச்சு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 அக்டோபரில், அப்போது ஆந்திர முதலமைச்சராக இருந்த சந்திரபாபு நாயுடுவும் நம் முதலமைச்சராக இருந்த ஸ்டாலினும் அதிகப் பிள்ளை பெறுவது பற்றி மேடையில் பேசினார்கள். அதன் பின்னால் இருக்கிற ஆதங்கம் நியாயமானது. 1967ல் 41 எம்.பி. தொகுதி 39 ஆனது நமக்கு நினைவிருக்கிறது. 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்த தொகுதிப் பங்கீட்டைப் புது ஜனத்தொகைப்படி மாற்றினால், சொன்ன பேச்சைக் கேட்டு நடந்த மாநிலத்துக்கு நஷ்டம். அதை நாடாளுமன்றத்தில் சண்டை போட்டு வாங்க வேண்டும், விடவே கூடாது. ஆனால் அதற்காக இன்னொரு பிள்ளை பெறு என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்வதும், பெறாதே என்று சட்டம் போடுவதும் எனக்கு ஒன்றுதான். தென்கொரியா பணம் பணமாகக் கொட்டிப் பார்த்துவிட்டது. 2023ல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை. முதியோர் கூடுகிறார்கள் என்ற கவலை சரிதான், இங்கே இப்போதே நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். அதற்குப் பென்ஷனும் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் வேண்டும்.

வடக்கே இருக்கிறவர்கள்தான் ஜனத்தொகையைப் பெருக்குகிறார்கள் என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பீகாரில் 2005-06ல் ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளை, 2019-21ல் மூன்று. அங்கேயும் இறங்குகிறது. நம் அம்மாக்கள் நாற்பது வருஷம் முன்னால் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு வேண்டியது நர்சும், தடுப்பூசியும், பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும்.

பெரியார் 1930 வாக்கிலேயே கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காக, பெண்ணின் உடம்புக்காக, குடும்பச் சொத்துக்காக என்று காரணம் சொன்னபோது, நாங்கள் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்றார். பயிற்சிக் காலத்தில் இதைப் படித்தபோது எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஊர் ஊராக நடந்து பார்த்த பிறகு, வேறு எந்தக் காரணத்தை முன்னால் வைத்தாலும் அது பெண்ணின் முதுகில்தான் ஏறுகிறது என்று கண்டேன்.

இத்தனையும் எழுதியதற்கு வீட்டுக் காரியமும் ஒன்று உண்டு. பாப்பாவுக்கு மூன்று வயசு ஆகிறது. அடுத்தது எப்போது, அது பையனாக இருக்கட்டும் என்று உன் அத்தைமார் என்னிடமே கேட்கிறார்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நீ நாட்டுக் கணக்கைப் பார்த்து ஒன்றோடு போதும் என்கிறாய். மருமகள் என்ன நினைக்கிறாள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொன்று வேண்டும் என்று அவள் சொன்னால், பிரசவத்துக்கு நான் வந்து மூன்று மாசம் இருக்கிறேன். போதும் என்றால், அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே, நீ போய் செய்துகொள். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். முதலில் அவளிடம் கேள். அவசரப்படுத்தாமல் கேள். அவள் சொன்னதை அவள் வாயாலேயே என்னிடம் போனில் சொல்லச் சொல்.

அன்புடன்,
அம்மா