கடன் பற்றிப் பிரசங்கிக்கும் முன்

ஏற்காடு

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். அடுத்த மாதம் கடனைப் பற்றிப் பிரசங்கம் செய்யப்போகிறேன், நீதிமொழிகள் 22:7-ஐ எடுக்கலாமென்று இருக்கிறேன் என்றாய். வேண்டாம் கண்ணு. கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்பது வாங்கினவர்களுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். மேடையிலிருந்து அதையே சொன்னால் குனிந்த தலை இன்னும் குனியும். வட்டிக்கு விடுகிறவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அந்த வசனம் அவரைத் தொடவே தொடாது.

நெகேமியா 5-ஐ எடு. முதல் ஐந்து வசனங்களில் ஜனங்கள் எதற்குக் கடன்பட்டார்கள் என்று பார்: வயிற்றுக்கு, பஞ்சத்துக்கு, ராஜாவின் தீர்வைக்கு. ஊதாரித்தனம் ஒன்றுகூட இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஆட்களைக் கேட்டாலும் ஆஸ்பத்திரி, ஸ்கூல் பீஸ், கல்யாணம் என்றுதான் சொல்வார்கள். 11-ஆம் வசனத்தில் 'நூற்றுக்கொன்று', 'தண்டிவருகிற வட்டி' என்று வரும். நாள்தோறும் வந்து வசூலிக்கிற நம் ஊர்த் தண்டல் கடன் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே நிறுத்தி நிதானமாக வாசி.

பிறகு ஒரு தண்டல் அட்டையின் கணக்கைச் சொல். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். அட்டையில் 100 கட்டம். நாளுக்கு 100 ரூபாய், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. '1,500 ரூபாய்தானே' என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே அசல் திரும்பிப் போகிறது. 100 நாளுக்கும் சராசரியாகக் கையில் நிற்பது ஏறக்குறைய பாதிப் பணம்தான். வருஷக் கணக்குக்கு நூற்றுக்கு 120 ஆகிறது, அதாவது பத்து வட்டி. நெகேமியா சொன்ன நூற்றுக்கொன்றை மாத வட்டியாகவே வைத்தாலும் இது அதைப்போல் பத்து மடங்கு. வாயால் சொன்னால் நிற்காது. சார்ட்டில் பெரிதாக எழுதி மாட்டு.

உபாகமம் 24:6-ஐயும் சேர்த்துக்கொள். திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது, அது ஜீவனையே அடகு வாங்குவது. இங்கே அது தறி, தையல் மிஷின், பட்டறைச் சாமான். அதே அதிகாரம் 10, 11 வசனங்களில், கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்றிருக்கிறது. வசூலுக்கு வந்து வாசலில் கத்துகிறவர்களைப் பற்றி இதைவிடக் கூர்மையாகப் பேச வேறு இடம் கிடைக்காது.

சபையில் நடந்த எதையும் உதாரணமாகச் சொல்லாதே. பெயரை மறைத்தாலும் 'ஒரு சகோதரி' என்ற உடனே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மகளிர் குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். அந்தக் குழுப் பெண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். பிணைப்படுவதைப் பற்றிய வசனத்தை அங்கே விட்டெறிந்தால் வெளியே போய் அவர்களுக்குள் சண்டைதான் வரும்.

அன்றைக்கு மல்கியா 3:10-ஐத் தொடவே தொடாதே. தசமபாகம் கொடுத்தால் கடன் தீரும் என்று நம்பி, காணிக்கைக்கும் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அதைப் பிரசங்கித்தால் அந்தக் கடனைச் சபையே வாங்கவைத்ததாகும். அந்த ஞாயிறு விசேஷக் காணிக்கை எதுவும் வேண்டாமென்று கமிட்டியில் முன்கூட்டியே பேசிவிடு. நெகேமியா அதே ஐந்தாம் அதிகாரம் 10-ஆம் வசனத்தில் கடன் கொடுத்தவர்களில் தன்னையும் சேர்க்கிறான், 14-ல் அதிபதிக்குரிய படியை வாங்காமல் விடுகிறான். அப்படிப்பட்டவன் வட்டியை விடச் சொன்னதால்தான் பிரபுக்களும் அதிகாரிகளும் கேட்டார்கள்.

ஆராதனை முடிந்து வருகிறவர்களிடம் தனியாகப் பேசு. 2 இராஜாக்கள் 4-ல் எலிசா தீர்க்கதரிசி கடன்பட்டிருந்த அந்த விதவையைக் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னான் அல்லவா? ஒரு தாளில் யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, என்ன அடகு என்று எழுத வை. வட்டி அதிகமானதை முதலில் அடைக்கட்டும். நகை இருந்தால் வங்கியில் வைத்து அடைக்கலாம். மிரட்டல் இருந்தால் 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் பெயரோடு வருகிறது என்று சொல். அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

சபைப் பணத்தைக் கைமாற்றாகக் கொடுக்காதே. திருப்பித் தர முடியாதவர்கள் முதலில் கோயிலுக்கு வருவதைத்தான் நிறுத்துவார்கள். முடிந்ததை உதவியாகவே கொடுத்துவிடு.

பிரசங்கத்தை எழுதி முடித்ததும் அனுப்பு, கணக்கை ஒரு தடவை சரிபார்க்கிறேன்.

அப்பா